வடக்குப் பக்கம்

விமானம் இரவு பதினொன்றுக்கு.
அதுவரை ஜகார்த்தா முழுவதும் என்னுடையது என்று
காலை ஏழு மணிக்கு நினைத்திருந்தேன்.
சட்டைப்பையில் பட்டியல், ஒன்பது இடங்கள்.

தர்யோனோ அதை வாங்கி
வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்,
கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல.
பச்சைச் சட்டை, பச்சைத் தலைக்கவசம்,
ரப்பர் பேண்டு போட்டு வண்டியில் கட்டிய கைபேசி.
நாலு, என்று விரல் காட்டினார்.
ஆறு, என்றேன்.
சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை.
பெருஞ்சாலையில் கார்களுக்கு விடுமுறை.
பூனையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒருவன் ஓடினான்.
ஒலிபெருக்கி சொன்ன பக்கமெல்லாம்
அறுபது இடுப்புகள் வளைந்தன.
சைக்கிளேறி ஒரு காபிக் கடை வந்தது,
கைப்பிடியில் சரம் சரமாய்த் தூள் பொட்டலங்கள்,
பின்னால் வெந்நீர் பிளாஸ்க்.
பட்டியலில் இல்லாத அந்தக் காபியை
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து குடித்தோம்.
கிழித்த பொட்டலத்தையே சுருட்டி
தர்யோனோ சர்க்கரையைக் கலக்கினார்.

பழைய நகரச் சதுக்கத்தில்
வெள்ளி பூசிய சிப்பாய் ஒருவன்
சிலையாய் நின்றிருந்தான்.
டப்பாவில் காசு விழுந்தால் சல்யூட்.
விழாவிட்டால் சிலை.
அவன் மூக்கில் ஈ உட்கார்ந்தது.
யாரும் காசு போடவில்லை.
நான் போட்டேன்.
முதலில் சல்யூட் வைத்தான்,
பிறகுதான் ஈயை விரட்டினான்.

துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே
தர்யோனோ கையை நீட்டி, 'கபால்' என்றார்.
காலையிலிருந்து எனக்குப் புரிந்த முதல் சொல்.
'கப்பல்' என்று திருத்தினேன்.
'கபால்' என்று அவர் என்னைத் திருத்தினார்.
இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.
அது பாட்டுக்குச் சிமெண்ட் ஏற்றிக்கொண்டிருந்தது.

பிறகு மோனாஸ்.
உச்சியில் பொன் சுடர் வைத்த தூண்.
வாசலில் வண்டியை நிறுத்தி
கைபேசியிடம் ஏதோ சொன்னார்.
அது பெண்குரலில் மொழிபெயர்த்தது:
'பத்தொன்பது வருடம். வாசல் வரை எத்தனையோ பேர்.
மேலே, இல்லை.'
இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

வரிசை. வரிசைக்குள் வரிசை.
ஒரு பலூன் வெடித்து ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது.
அருங்காட்சியகம் மூடும் நேரம் வந்தது, போனது.
பட்டியலிலிருந்து இடங்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.
காலையில் அவர் காட்டிய நாலு விரல்
சரிதான் என்று ஆயிற்று.

மேலே காற்று. கம்பிவலை.
எதிரெதிரே மசூதியும் மாதாகோயிலும்,
அரண்மனையின் புல்வெளி.
நான் எல்லாவற்றையும் படம் பிடித்தேன்.
அவர் நேராக வடக்குப் பக்கம் போய்
வலையில் நெற்றியை அழுத்தி நின்றார்.

முவாரா பாரு.
கடலைவிடத் தாழ்ந்த தெரு,
நடுவே ஒரு சுவர் மட்டும்.
அங்கேதான் வீடு.
இங்கிருந்து பார்த்தால் வீடுமில்லை, சுவருமில்லை, கடலுமில்லை.
பழுப்பு வேட்டியை உலர்த்தியதுபோல் புகை.
காசு போட்டுத் தொலைநோக்கியைத் திருப்பினார்.
அது அதே புகையைப் பெரிதாக்கிக் காட்டியது.

வீட்டுக்கு போன் போட்டார்.
ரோஹாயாவின் குரல் எனக்கே கேட்டது,
எண்ணெயில் மீன் பொரியும் ஓசையோடு.
அவள் ஏதோ திட்டினாள். இவர் ஏதோ கெஞ்சினார்.
மீன் சத்தம் நின்றது.
ஏணி ஏறும் சத்தம்.
தகரம் மிதிபடும் சத்தம்.
தர்யோனோ தலைக்கவசத்தைக் கழற்றி
தலைக்குமேல் ஆட்டினார், பெரிதாக,
கப்பலை வழியனுப்புகிறவர்போல.
'கெலிஹாத்தான்?' என்றார்.
தெரிகிறதா என்று கேட்கிறார்,
அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.
அவளும் அதையே திருப்பிக் கேட்டாள்.
இருவரும் ஒரே நேரத்தில் ஆமாம் என்றார்கள்.

நானும் கையை ஆட்டினேன்.
கொஞ்சம் தாமதமாக.
தவறான திசையில் என்று
தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

விமான நிலையப் பேருந்தின் பக்கத்தில் கணக்குப் பார்த்தோம்.
வரிசையில் நின்ற இரண்டரை மணி நேரத்துக்கும்
காசு கேட்டார். நியாயம்தான்.
மேலே நின்ற கால் மணியை
அவராகவே கழித்துவிட்டார்.