வலக்கண்ணுக்கு மட்டும்

மார்ச்சில் இடக்கண்ணின் நரம்பு வீங்கியது.
விழியை உருட்டினால்
உள்ளே யாரோ கயிற்றைச் சுண்டி இழுப்பார்கள்.
ஆரஞ்சு நிறத் தபால்பெட்டி
சாயம் போன பூசணியாய்த் தெரிந்தது.
மே மாதம் எழுத்துகள் திரும்பின.
பலகையின் கடைசி வரிவரை படித்துக் காட்டினேன்.
குணம் என்றார்கள். நம்பினேன்.
லேவார்டன் தெருக்களுக்கு
என் சைக்கிளும் கடிதங்களும் திரும்பின.

அப்புறம் அந்த வெள்ளை வேன்.
இடப்பக்கமிருந்து வந்தது,
தூரத்தில்தான் வந்தது, சத்தியமாக,
கால்வாய்க்கு அப்பால் போகிற மாதிரி.
மிதித்தேன்.
அதன் கண்ணாடி என் கைப்பிடியை உரசிப் போனது.
மின்கட்டண உறைகள் பாலமெங்கும் சிதறின.
ஓட்டுநர் இறங்கி வந்து திட்டியதில்
ஃபிரீசிய மொழியின் வசவு எதுவும் மிச்சமில்லை.

வலப்பக்கத்து வண்டிகளோ
மேலே வந்து விழுகிறாற்போல் பாயும்;
வெறும் தெருவில் பிரேக்கை அழுத்தி நிற்பேன்,
பின்னால் பள்ளிப் பிள்ளைகள் மணியடிப்பார்கள்.
யில்டவ் சுருட்டி எறிந்த காலுறையைப் பிடிக்க
காற்றை அள்ளினேன்.
“அம்மா, அது இந்தப் பக்கம்.”
களைப்பு என்றார் டாக்டர்.
பலகை அசைவதில்லை.
அசைகிறதைப் பற்றி அதற்கென்ன தெரியும்.

கண் மருத்துவமனையின் பின்னறையில்
ஹோகெமா என் சைக்கிள் சாவியை வாங்கி
ஒரு நூலில் கட்டி ஆட்டினார்.
“என்ன பார்க்கிறீர்கள்?”
வட்டம், என்றேன்.
வலப்பக்கம் போகும்போது சுவரோரம்,
இடப்பக்கம் திரும்பும்போது என் மூக்கருகே.
பக்கத்தில் உட்கார்ந்திருந்த டவ்வெ என்னைப் பார்த்தான்.
“கோடு,” என்றான், “நேர்கோடு, வீட்ஸ்கெ.”
பதினோரு வருடக் கல்யாணத்தில்
ஒரே சாவிக்கு இரண்டு பாதைகள்.

கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள்.
தீர விசாரித்தது ஒரு முழ நூல்.

நரம்பின் உறை உரிந்திருக்கிறது, என்றார்.
இடக்கண்ணின் சேதி பிந்தி வருகிறது,
இமைப்பொழுதில் பத்திலொரு பங்குகூட இல்லை அந்தப் பிந்தல்.
எனக்குத் தபால் பாஷையில் புரிந்தது:
ஒரே வேனைப் பற்றி இரண்டு கடிதங்கள்,
ஒன்று இன்றையது, ஒன்று நேற்றையது.
இரண்டையும் ஒருசேரப் பிரித்துப் படிக்கிற மூளை
தாமதத்தைத் தூரம் என்று எழுதிக்கொள்கிறது.

“பிந்துவதை முந்த வைக்க முடியாதா?”
“முடியாது. முந்துவதைப் பிந்த வைக்கலாம்.”

நல்ல கண்ணுக்கு முன்னால்
சாம்பல் நிறச் சில்லு ஒன்றைச் செருகினார்.
வட்டம் மெலிந்து வாழைப்பூ மடலாயிற்று.
இன்னொரு சில்லு, இன்னும் கொஞ்சம் இருட்டு.
சாவி கோடாயிற்று.
மூன்றாவது போட்டதும்
எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கியது, சிரித்துவிட்டேன்.
“இரண்டே போதும்,” என்று எழுதிக்கொண்டார்.

இப்படித்தான் என் முகத்தில்
ஒரு பக்கம் பகல், ஒரு பக்கம் அந்தி.
கடைக்காரர் ஒற்றைக்கண் கடற்கொள்ளைக்காரி என்கிறார்.
“சரியா இருக்கிற கண்ணை ஏம்மா இருட்டாக்கினாங்க?”
யில்டவ்வுக்கு இன்னும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.
குற்றம் ஒன்றிடம், அபராதம் மற்றொன்றுக்கு,
அது எனக்கே சரியாகப் படவில்லை.
டிசம்பர் மாலைகளில் இது பயன்படாது;
கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு
சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடக்கிறேன்.
மழை வந்தால் இன்னும் மோசம்.

ஆனால் பாலத்தில் வேன்கள்
அவை இருக்கிற இடத்திலேயே வருகின்றன.
தேநீர் பெரும்பாலும் கோப்பைக்குள் விழுகிறது.

நூல் சமையலறை ஆணியில் தொங்குகிறது, சாவியோடு.
காலையில் எடுக்கப் போகும்போது
கண்ணாடி மாட்டும் முன் ஒருதரம் சுண்டிவிடுவேன்.
சுற்றும்.
பொய்யென்று தெரியும், இருந்தும்
என்னவொரு நிதானமான சுற்று,
எனக்கு மட்டும், நூலும் திருகாமல்.
ஏழரைக்குத் தபால் கிளம்ப வேண்டும்.
டவ்வெ கதவருகே நின்று
கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.