கடைசிப் பெயர் கட்டாயம்

வெள்ளிக்கிழமை இரவு பத்தரை. ராணிப்பேட்டை சிப்காட்.
கடைசி ஷிப்ட் பஸ்கள் பள்ளிகொண்டாவுக்கும்
குடியாத்தத்துக்கும் போய்விட்டன.
நானும் அஸ்மத்தும் மட்டும்,
சர்வருக்காக வைத்த குளிரில்
துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு.
வெளியே மே மாதம். தார்ரோடு இன்னும் ஆறவில்லை.

எக்செல்லில் நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு வரி.
வரிக்கு ஒரு ஆள்.
திங்கட்கிழமை காலைக்குள் புது மென்பொருளுக்கு
இவர்களைத் தெரிந்திருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் சம்பளம் ஏறாது.

ஏற்றுவதற்கு மூன்று கருவி இருக்கிறதாமே,
எது நல்லது, ஒரு பக்கத்தில் எழுதிக்கொடு
என்றார் பெனடிக்ட் சார்.

எழுதுகிறேன் சார்.

முதலாவது, நாம் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்து
அப்படியே செய்யும்.
இந்தக் கட்டம், டேப், அந்தக் கட்டம், சேமி.
ஒருமுறை காட்டினால் போதும்.
காட்டும்போது எனக்குத் தும்மல் வந்தது.
கை பட்டு என்டர் இரண்டு தடவை விழுந்தது.
அது வரிக்கு ஒருமுறை தும்மத் தொடங்கியது.
இருநூறாவது தும்மலில் ஒயரைப் பிடுங்கினோம்.

மூன்றாவதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.
அது எதையும் கேட்காது. நேரே டேபிளுக்குள் இறங்கும்.
பதினோரு நிமிடம், மொத்தப் பேரும் உள்ளே, எல்லாம் பச்சை.
அஸ்மத் கைதட்டிவிட்டாள்.
திறந்து பார்த்தால்
0071 என்ற டோக்கன் வெறும் 71.
முன்னால் நின்ற பூஜ்யங்களை
யாரோ வாசலிலேயே கழற்றச் சொல்லியிருக்கிறார்கள்.
லாஸ்டிங் செக்ஷனில் ஏப்ரல் மூன்றில் பிறந்தவர்
மார்ச் நான்குக்குக் குடிபோயிருந்தார்.
அழித்தோம். அழிக்க ஒன்றேகால் மணி நேரம்.

இரண்டாவது எக்செல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.
விலை அதிகம். லைசென்ஸ் ஒரே ஆளுக்கு,
அந்த ஆள் அஸ்மத்,
அவளுக்கு பக்ரீத் கழித்துக் கல்யாணம்.
இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.
தப்பான வரியைச் சிவப்பாக்கும்,
பக்கத்தில் காரணம் எழுதும்.
கோபப்படாது, விடவும் விடாது.

எஃப் வரிசையைத் தொட்டதும்
மேலிருந்து கீழ்வரை சிவப்பு.
கடைசிப் பெயர் கட்டாயம்.
கடைசிப் பெயர் கட்டாயம்.

ஆ. தெய்வக்கன்னி.
கோ. ரேணுகாம்பாள்.
ப. சகாயராணி.
எல்லாருக்கும் முன்னால் ஒரு எழுத்து இருக்கிறது,
பின்னால் ஒன்றும் இல்லை.
இதை எழுதிய ஊரில்
ஆளுக்கொரு பெயர் பின்னாலும் வரும்போல.

அப்பா பெயரைப் போடலாம் என்றால்
ஜெராக்ஸில் அந்த இடத்தில் சிலருக்குப் புருஷன் பெயர்,
சிலருக்கு அதுவும் அடித்துக் கிடக்கிறது.
நடுராத்திரியில் யாருக்குப் போன்போட்டு
உன் பின்னால் யார் என்று கேட்பது?

அஸ்மத் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள்.
பெயரே இல்லை, வெறும் முற்றுப்புள்ளி.
சிவப்பு போய்விட்டது.
மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.
கட்டிங், தையல், பேக்கிங், காவல், கேன்டீன்,
எல்லாரும் ஒரு வாக்கியம்போல முடிந்தார்கள்.

அடுத்தது மஞ்சள்.
ஒரே தேதியில் எண்ணூற்று நாற்பது பேர்
பிறந்திருக்கிறார்கள், சரிபார்க்கவும்.
ஜூன் ஐந்து.
ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது
ஏதேதோ ஊரின் தலைமையாசிரியர்கள் போட்டுவிட்ட தேதி.
'தவறில்லை, தொடர்க' என்று ஒரு பட்டன் இருக்கிறது.
அழுத்தினேன்.
எண்ணூற்று நாற்பதில் ஒருத்தி நான்.

ஆகவே சார்,
இரண்டாவதையே வாங்கலாம்.
நிறுத்திக் கேட்கிறது,
பதில் சொன்னால் நம்புகிறது.

மணி இரண்டு. நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டும் ஏறிவிட்டது.
கடைசியாக ஒருமுறை உருட்டிப் பார்த்தபோது
அஸ்மத் விரலை வைத்துக் காட்டினாள்.
பெனடிக்ட் சாருக்கு மட்டும்
பின்னால் ஒழுங்காக ஒரு பெயர் இருந்திருக்கிறது.
இழுத்த இழுப்பில் அவருக்கும் புள்ளி.

மாத்திடவா, என்றாள்.

திங்கட்கிழமை பார்த்துக்கலாம், என்றேன்.