பார்த்தபடியே தட்டு

கல்பயோக் துறைமுகத்துக்குப் பின்னால்,
கோழித்தீவனக் கடைச் சுவரில்
ஒரு பெட்டியை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள்.
ஒரு பெசோ போட்டால் ஐந்து நிமிடம் இணையம்.
அதன் கீழே நின்றுதான் ஏமாந்தேன்.

மீன் கிடங்கில் எடை எழுதிக்கொண்டிருந்தவள் நான்.
கிடங்கை மூடிய வாரமே கைப்பேசிக்கு வந்தது:
வீட்டிலிருந்தபடியே தரவு உள்ளீடு,
அனுபவம் வேண்டாம்,
பக்கத்துக்கு நானூறு பெசோ.
நேர்காணல் பதினொரு நிமிடம், எல்லாம் எழுத்தில்.
மிஸ்டர் ஹார்லன் என்று பெயர்.
படத்தில் பல்வரிசை மட்டும் அவ்வளவு நேர்.
"வாழ்த்துகள் லுஸ்வி,
உங்களிடம் நேர்மை தெரிகிறது" என்றார்.

பதினேழு வருடம் எடைபோட்டவளிடம்
யாரும் சொல்லாத வாக்கியம்.
தராசுக்குத் தெரிந்திருக்கும்.
தராசு வாய் திறக்காது.

பயிற்சிக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறாம்,
முதல் சம்பளத்தோடு திரும்பி வந்துவிடுமாம்.
மோட்டார் சைக்கிளில் வருகிற வட்டிக்காரரிடம் வாங்கினேன்,
ஐந்து கொடுத்து ஆறு வாங்குகிறவர்.
அவர்கூட
முகத்தைக் காட்டிவிட்டுத்தான் பறிப்பார்.

மறுநாள் மென்பொருள் சாவிக்கு இரண்டாயிரம் கேட்டார்.
"சரி சார், நாளைக்குள்" என்று
பாதி தட்டும்போது பெட்டி அணைந்தது.
பையைத் துழாவினேன்,
ஒரு பெசோ இல்லை.
இல்லாமை என்னைக் காப்பாற்றியது
வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.
திரும்பிப் போனபோது
எண்ணும் இல்லை, பல்லும் இல்லை.

இப்போதிருக்கும் வேலை
என்னை வாழ்த்தவே இல்லை.
கோணல்மாணலாய் நாற்பது வரி அனுப்பி
தட்டச் சொன்னார்கள்.
மூன்று பிழையைச் சிவப்பில் சுழித்துத் திருப்பினார்கள்.
முகவரியை ஜோவலினுக்கு அனுப்பினேன்
(செபுவில் ஹோட்டல் அறை துடைக்கிறாள்).
மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தாள்:
மூன்றாம் மாடி, பெயர்ப்பலகை உண்டு,
காவலாளி விரட்டிவிட்டான்.
விரட்ட ஆள் வைத்திருக்கிறார்கள் என்றால்
உள்ளே ஏதோ இருக்கிறது என்று
கையெழுத்துப் போட்டேன்.
வரிக்கு நாற்பது காசு.
மாதத்தில் இரண்டு நாள் சம்பளம்,
சில சமயம் மூன்று நாள் தள்ளி.
என்னிடம் ஒரு பெசோ கேட்கவில்லை, இதுவரை.

ஊர் ஊராக வந்த புகார்க் கடிதங்கள்
படமாக வரும்.
கட்டம் கட்டமாக ஏற்ற வேண்டும்.
விதி ஒன்றுதான்: பார்த்தபடியே தட்டு.
எழுத்துப்பிழையா, பிழையோடு தட்டு.
எதையும் சேர்க்காதே.

ஓர்மோக்கில் ஒரு பள்ளி ஆயா, எண்ணூறு.
சூரிகாவில் ஒருவர் தொகையை
எண்ணால் ஒருமுறை, எழுத்தால் ஒருமுறை எழுதியிருந்தார்,
காசோலை எழுதுவதுபோல.
அறுபத்தோராவது வரியில் ஒரு சமையல்காரி:
"உங்களிடம் நேர்மை தெரிகிறது என்று சொன்னார்."
விரல் நின்றது.
நூற்றுப் பதினான்கில் மறுபடியும்.
நூற்றிருபதில் நேர்மைக்கு ஓர் எழுத்துக் குறைந்து.
குறைத்தே தட்டினேன்.

பணம் போனபோதுகூட இப்படி வலிக்கவில்லை.
அந்த வாக்கியத்தை
எனக்கென்று சொன்னதாக அல்லவா
மடித்து வைத்திருந்தேன்.

அன்று இருநூற்று ஆறு வரி.
இருநூற்று ஆறிலும் தேடினேன்,
லுஸ்வி என்று யாரும் இல்லை.
எப்படி இருப்பாள்?
வெட்கப்பட்டுக்கொண்டு எழுதாமலே இருந்துவிட்டாள்.
எதையும் சேர்க்கக் கூடாது என்பது விதி.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தாள் வாங்கினேன்.
எடைப் பேரேட்டில் எழுதுகிற கையெழுத்தில்,
ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே நிறுத்தி எழுதினேன்.
எங்கோ தட்டப்போகிறவள்
கண்ணைச் சுருக்கக் கூடாது, பாவம்,
வரிக்கு நாற்பது காசு.

இழந்த தொகை: 1500.
அடுத்த கட்டம் சிறியது,
வேறு விவரம் ஏதும் உண்டா என்று கேட்டது.
வட்டி தனி என்று எழுதினேன்.