இருபத்துநாலு மணி நேரச் சேகரிப்பு

மூன்று லிட்டர் குடுவையைச் செய்தித்தாளில் சுற்றி
அவெய்ரோ பேருந்தில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தார் அடெலினோ.
ஒயின் என்று நினைத்துப்
பக்கத்து இருக்கைக்காரன் ஒரு மிடறு கேட்டானாம்.

எண் 212. உப்பளத்தில் முப்பத்தொரு கோடை.
ராத்திரி ஒருமுறை தூக்கக் கலக்கத்தில்
குடுவையில் பிடிக்க மறந்துவிட்டதாக
மன்னிப்புக் கேட்டார்.
காதுகள் சிவந்திருந்தன.
அதையும் எழுதிக்கொண்டேன்.

பட்டை கையை இறுக்கி விட்டது: 178.
"வலி ஒன்றும் இல்லையே டாக்டர்."
இல்லைதான்.
விழித்திரைப் படத்தில்
தமனி ஏறிக் கடக்கும் இடத்தில்
சிரை நசுங்கியிருந்தது.
குடுவைக்குள் புரதம்,
வெளியே வந்திருக்கக் கூடாதது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது
நாக்கு அல்ல, சிறுநீரகம்.
இதை ஆய்வுக் கட்டுரையில் எழுத முடியாது.
212-க்கு எதிரே
'ஒருமுறை விடுபட்டது'
என்று மட்டும் இருக்கும்.

போகும்போது மேசைமேல் ஒரு பொட்டலம் வைத்தார்.
இந்த வருஷத்து முதல் வாரல்,
பனி மாதிரி உதிரும் மேலுப்பு.
"உங்களுக்கு ஒன்றும் செய்யாது, சின்ன வயசு."

இரண்டு மாதமாய் என் லாக்கரில் இருக்கிறது.
பாதிதான் மிச்சம்.
நேற்று எல்லாரும் போனபின்
பட்டையை என் கையில் கட்டிப் பார்த்தேன்.
எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.