எண் முப்பத்தேழு

தவணை தவறிய கார்களை
ராத்திரியில் போய் எடுத்து வருவது என் வேலை.
டொலீடோவில் அதற்குப் பஞ்சமில்லை.
விளக்கை அணைத்து, கொக்கியை மாட்டி,
நாய் குரைக்குமுன் தெருமுனை தாண்டிவிட வேண்டும்.
மற்ற நேரமெல்லாம் நிலவறையில் உட்கார்ந்து
சாண் நீளக் கார்கள் கட்டுகிறேன்.
எவரும் தவணை கட்ட வேண்டாத கார்கள்.

லாவெர்ன் பிக்கெட்டின் சாம்பல் நிற வண்டியை
ஜனவரி ஒன்பதாம் தேதி எடுத்தேன்.
பின்பெட்டியைத் திறந்து பட்டியல் எழுதினேன்.
சட்டம் அப்படி:
வண்டிதான் வங்கிக்கு, உள்ளே கிடப்பது அவர்களுக்கு.
பனி சுரண்டி, ஒன்று.
கையுறை, அதுவும் ஒன்றுதான்.
சலவைத்தூள், பாதி.
அதற்கடியில் ஓர் அட்டைப்பெட்டி.
மூடியில் அறுபத்து மூன்றாம் வருஷத்து இரண்டு கதவு வண்டி,
வெயில் தின்றது போக மிச்சச் சிவப்பு.
ஓரத்தில் என்றோ மூடிய கடையின் விலைச்சீட்டு:
ஒன்றரை டாலர்.

ஐந்து நாள் அது என் மேசையில் இருந்தது.
அலுவலக அலமாரியில் ஏன் இல்லை என்று
யாரும் கேட்கவில்லை.
நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளைப் பிளாஸ்டிக் மோர் நிறத்துக்கு வந்திருந்தது.
நீரில் ஊறவைத்து ஒட்டும் பட்டைகள்
ஓரம் மஞ்சளித்துச் சுருண்டிருந்தன.
யாரோ தொடங்கியிருந்தார்கள்.
எஞ்சினின் இரு பாதிகளுக்கு நடுவே
பசை பிதுங்கி உறைந்திருந்தது.
கறுப்படித்த டேஷ்போர்டில் தூரிகையின் ஒரு முடி.
முன்கண்ணாடியில்
சின்ன விரல் ஒன்றின் முழு ரேகை.

கை பரபரத்தது.
இரண்டாயிரம் நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால்
ரேகை போய்விடும்.
வார்ப்புக் கோட்டைக் கத்திமுதுகால் சுரண்டலாம்.
வர்ணக் குப்பியை வெந்நீரில் நிறுத்தி,
சாண் தள்ளிப் பிடித்து மூன்று மெல்லிய பூச்சு;
கதவிடுக்கில் நீர்த்த கறுப்பை ஓடவிட்டால்
திறந்துவிடும் போலிருக்கும், திறக்காது.
இதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் வரும்.

தொடவில்லை. எண்ணி மட்டும் பார்த்தேன்,
செய்முறைத் தாளை விரித்து, சட்டம் சட்டமாக.
முப்பத்தேழு இல்லை.
ஸ்டீரிங்.
முறுக்கி ஒடித்த காம்பு மட்டும் சட்டத்தில் நின்றது.

உதிரிகள் போடும் பிஸ்கட் டப்பாவைக் கொட்டினேன்.
அதே வருஷம், அதே அச்சு, ஒன்று இருந்தது.
மெல்லிய தாளில் சுற்றி
பட்டைகளுக்கு அடியில் செருகினேன்.
ஒரு நல்ல காரியம் யாருக்கும் தெரியாமல் முடிந்தது என்று
நன்றாகவே தூங்கினேன்.

பதினான்காம் தேதி பஸ்ஸில் வந்தார்கள்.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
படிவத்தைப் பார்த்தாள்.
பையன், குவென்டின், பதினொன்று இருக்கும்,
மேசைமேலேயே பெட்டியைத் திறந்தான்.
உதடு அசைய எண்ணினான்.
நின்றான்.
தாளைப் பிரித்து, இரு விரலால் அதைத் தூக்கி,
"இது எங்களோடது இல்ல" என்றான்.

"பெட்டியிலேயே கிடந்திருக்கும், தம்பி."

"முப்பத்தேழு என்கிட்ட இருக்கு."
கோட்டுப் பையிலிருந்து ஒரு மிட்டாய் டப்பா.
அதற்குள் பஞ்சு. பஞ்சின்மேல்
காகித கிளிப்பை வளைத்துக் கறுப்பு நூல் சுற்றிய
ஒரு ஸ்டீரிங், மூன்று ஆரங்களோடு,
வட்டமென்றால் அப்படியொரு வட்டம்.

என்னுடையதை மேசையில் வைத்து
என் பக்கமாகத் தள்ளினான்.
அவள் கையெழுத்திட்டாள்:
உடைமைகள் அனைத்தும் பெற்றுக்கொண்டேன்.
திருப்பித் தந்ததை எழுத
படிவத்தில் கட்டமில்லை.

பஸ் வரும்வரை பனியில் நின்றார்கள்.
பெட்டியை அவன் சாய்க்கவே இல்லை.

அன்றிரவு ஒரு கிளிப்பை நிமிர்த்தி
வளைத்துப் பார்த்தேன்.
முட்டையாக வந்தது.
இன்னொன்று எடுத்தேன்.