தவணை

எட்டாம் தவணை.
அனலைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக் கோட்டுக்குக்
காலையில் ஒரேயொரு வள்ளம்.
முறைப்பாட்டுக்காரி யோகாம்பிகை அணியத்தில்,
எதிரி நான் கடையாரில்.
எதிரி என்பது கோட்டுச் சொல்.
மற்றப்படி நாங்கள்
ஒரே கிணற்றில் அள்ளுகிறவர்கள்.

அந்தக் கிணற்றடியில்தான்
ஒரு வாளி, ஒரு வாய்ப்பேச்சு,
அவளின் நெற்றியில் மூன்று தையல்.

கொழும்பில் பெரிய கோடுகள் இருக்காம்,
அரசியலமைப்பையே பிரித்துப் பார்க்குமாம்.
எங்கள் வாளி அவ்வளவு தூரம் போகாது.
இந்த ஓட்டுக் கூரைக்குக் கீழே
சான்றுப்பொருள் என்று துண்டு கட்டி
அடி துருவேறிக் கிடக்கிறது.

நீதவான் இளம் பிள்ளை.
இணங்கிப் போகலாமே என்றா.
"ஏலாது."
இரண்டு பக்கமிருந்தும் ஒரே மூச்சில் வந்தது.
முதலியாருக்கே சிரிப்பு.

"அப்ப, நவம்பர் இருபது."
நான் வாய் திறக்குமுன்
யோகாம்பிகை எழும்பிவிட்டாள்:
"அம்மா, அது வாடைக் காலம். வள்ளம் ஓடாது.
அவ வராட்டி பிடியாணை எல்லோ போடுவியள்."

பேனை நின்றது.
யன்னலால் கடலைப் பார்த்தா,
பிறகு கலண்டரை.
வெட்டிவிட்டு எழுதினா:
மார்ச் பன்னிரண்டு.

திரும்பும் வள்ளத்தில் சில்லறைத் தட்டுப்பாடு.
இரண்டு பேருக்குமாய் என் ஐந்நூறை நீட்டினேன்.
மிச்சத்தை ஓட்டி அவளின் கையில் வைத்தான்.
அவள் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

நான் கேட்கவில்லை.
மார்ச்சில் வரத்தானே வேணும்.