வெங்காயக் கணக்கு

வூப்பர்ட்டாலில் வெங்காயம் விலையேறியது
எங்கள் வீட்டுக்கு மட்டும்.

கூட்டுக் கணக்கு. இரண்டு அட்டை.
மணி அடிப்பது ஒரே போனில்.
நான் அட்டையைத் தொட்டால்
எட்டுத் தெரு தள்ளி, கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில்,
இவர் சட்டைப்பையில் டிங் என்று கேட்கும்.
பேருந்து, மூன்று ஈரோ இருபது.
மருந்துக்கடை, பதினொன்று தொண்ணூற்றைந்து.
இரவு பிட்டுக்குக் குழம்பு விடும்போது கேட்பார்:
"மருந்துக்கடையில என்ன?"
கோபமே இல்லாத குரலில்.

தப்பாக நினைக்க வேண்டாம்.
அடிக்கிறவர் இல்லை. குடிக்கிறவர் இல்லை.
நாணயமான மனுசன் என்று
சீட்டுக் கட்டாமல் ஓடினவன்கூடச் சொல்வான்.
மாதக் கடைசியில் வங்கித்தாளை விரித்து
வரி வரியாகப் பென்சிலால் சரி போடுவார்
பரீட்சை திருத்துகிறவர் போல.
நான் எப்போதும் பாஸ்.

சூப்பர் மார்க்கெட் வரிசையில்தான் கண்டுபிடித்தேன்.
எனக்கு முன்னால் நின்றவள்
பாலும் பூனைத்தீனியும் வாங்கிக்கொண்டு
"கையில ஐம்பது" என்றாள்.
பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுத்தார்கள்.
ரசீதில் அது தனி வரி.
வங்கித்தாளில் ஒரே தொகை,
பூனைக்கு எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு என்று
பிரித்துச் சொல்லாத தொகை.

அடுத்த கிழமை நானும் சொன்னேன்: "கையில பத்து."
பதினாறு வருட ஜெர்மனில்
இலக்கணப் பிழையில்லாமல் நான் சொன்ன வாக்கியம்.
ரசீதை நாலாகக் கிழித்தேன்.
"என்ன விலை விக்குது இந்த வெங்காயம்!" என்றார் இவர்.
"ஸ்பெயினில மழையாம்" என்றேன்.

பத்து ஈரோவை ஒளித்தது
நாப்கின் பொட்டலத்துக்குள்.
அவர் கை போகாத ஒரே இடம்.

செவ்வாய் காலை பத்தேகால்.
ஆற்றுக்கு மேலே வௌவால்போல் தொங்கிப் போகும் ரயிலில்
நாலு நிறுத்தம்.
பார்மனில் பெண்கள் மட்டும் குளிக்கும் நேரம், ஐந்து ஐம்பது.
எனக்கு நாற்பத்தாறு வயது. நீந்தத் தெரியாது.
கடல் சத்தத்தில் பிறந்தவள் என்பதை
நுர்ஜானிடம்கூடச் சொல்லவில்லை.
அவளுக்கும் தெரியாது. ஆளுக்கொரு நுரைப்பலகை.
காசைத் தண்ணியாய் இறைக்கிறாய் என்று
யாரும் கேட்டால், ஓம்,
சரியாக அதைத்தான் செய்கிறேன்.

கேட்டால் தருவார்.
கேட்டால்தான் தருவார்.
அந்த "தான்" ஐந்து ஐம்பதைவிடப் பாரம்.

இந்தச் செவ்வாய் கண்ணாடியில் ஒரு தாள்:
இன்று முதல் அட்டை மட்டும்.
சில்லறைத் தட்டு இருந்த இடத்தில்
மேசை வெளுத்து ஒரு வட்டம்.
"காசு எண்ண ஆளில்லை" என்று தோளைக் குலுக்கினாள் உள்ளே இருந்தவள்.
என் கைக்குள் காசு வேர்த்தது.
"நான் கட்டுறேன், நீ காசைத் தா" என்றாள் நுர்ஜான்.
சுலபம். கையை விரித்தால் போதும்.
விரியவில்லை.
பையைத் திறந்தேன். அட்டையை எடுத்தேன்.

தொட்டேன்.
பச்சை.

உடுப்பு வைக்கும் பெட்டி நூற்றுப் பன்னிரண்டு.
அதற்கு இன்னும் அட்டை தெரியாது.
ஒரு ஈரோ விழுங்கினால்தான் சாவி திரும்பும்,
போகும்போது அதே ஈரோவைத் திருப்பித் துப்பும்.
எங்கே போனாய் என்று கேட்காது.
நாணயமான பெட்டி.
கதவை மூடியதும் உள்ளே போன் அதிர்ந்தது
தகரத்தில் அகப்பட்ட வண்டு மாதிரி.
நின்றது. திரும்ப அதிர்ந்தது.
சாவியை மணிக்கட்டில் மாட்டினேன்.

ஏணியில் ஐந்து படி.
நெஞ்சு நனையும்போது வழக்கமான பயம்.
பலகையை நுர்ஜான் பக்கம் தள்ளிவிட்டுக்
காலை உதைத்தேன்.
மூக்கில் குளோரின், காதில் ஒன்றுமில்லை.
எத்தனை முழம் போனேனோ, எண்ணவில்லை.

இரவு கேட்பார்: "குளத்தில என்ன?"
தண்ணி என்று சொல்லலாம்.
வெங்காயம் இந்தக் கிழமை மலிவு
என்றும் சொல்லலாம்.